ஏப்ரல் 5: கொடி குத்திக்கொள்வதற்கு முன்

மார்ச் கடைசியில் பிரதமரின் சட்டையில் வணிகக் கப்பல் கொடியின் சின்னத்தைக் குத்துவார்கள். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 5 அன்று, தேசியக் கடல்சார் தினம். 1919 இல் அதே தேதியில் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் எஸ்.எஸ். லாயல்டி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தங்கள் பாட்டன் சொத்தாக வைத்திருந்த தடத்தில் இந்தியர்களுக்குச் சொந்தமான கப்பல் ஒன்று ஓடியதுதான் விசேஷம். கப்பல் என்னவோ பழசு. 1891 இல் கட்டியது. முதல் உலகப் போரில் குவாலியர் மகாராஜா அதை மருத்துவக் கப்பலாக ஓட்டினார். பயணிகள் தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டு 1923 இல் அதை உடைத்துவிட்டார்கள்.

கவனித்தால், இது கம்பெனியின் நாள். நம் ஊர்க் கதையும் அப்படித்தான். 1906 இல் வ.உ.சி. தூத்துக்குடியில் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் இரண்டு கப்பல்கள், காலியாவும் லாவோவும், பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவற்றின் கொதிகலனில் கரி வாரிப் போட்டவர் பெயரைக் கேட்டால் எல்லோரும் விழிப்போம். வ.உ.சி.யைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் கொடுத்த விலை எல்லோருக்கும் தெரியும். கப்பலை வாங்கியவருக்குச் சிலையும் ஓட்டியவர்களுக்குப் பொத்தாம்பொதுவாக ஒரு ‘வீர வணக்கம்’ என்பதும் பழக்கமாகிவிட்டது என்பதே என் குறை. அவர்கள் செய்த, செய்கிற வேலை என்ன என்று விவரமாகத் தெரிந்தால் வணக்கத்துக்கு அர்த்தம் வரும்.

அந்தக் காலக் கப்பலில் இந்திய மாலுமிகளைக் கம்பெனிகள் ‘லஸ்கர்’ என்றன. மேல்தளத்துக்குத் தலைவர் சாரங்கு. அவருக்குக் கீழே டிண்டல். தூத்துக்குடித் தோணியின் தலைவரை ‘தண்டல்’ என்கிறோமே, அதே சொல். சுக்கான் பிடிப்பவர் சுக்கானி, சாமான் கொட்டடிக்குக் காசாப், சமையலுக்குப் பண்டாரி, கூட்டிப் பெருக்க டோபாஸ். கீழே இன்ஜின் ரூமில் நெருப்புக்கு ஆக்வாலா, எண்ணெய்க்குத் தேல்வாலா. இன்றைய வங்கதேசத்துச் சில்ஹட்காரர்கள் பெரும்பாலும் நெருப்புக்குப் போனார்கள், கோவாக்காரர்கள் சாப்பாடு பரிமாறும் சலூனுக்கு. இரண்டாம் உலகப் போர் வந்தபோது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் வேலை பார்த்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இவர்களில் ஒருவர்.

போர்க்காலத்தில் அவர்கள் கப்பலை எப்படிக் காத்தார்கள்? பின்பகுதியில் ஒரு 4 அங்குலப் பீரங்கி இருக்கும். முன்னால் வைத்தால் தாக்கும் கப்பல் ஆகிவிடும், பின்னால் வைத்தால் தற்காப்பு என்பது சட்டக் கணக்கு. அந்தப் பீரங்கியால் காப்பாற்றப்பட்ட கப்பல்களைவிட, புகை விடாததால் காப்பாற்றப்பட்டவை அதிகம் இருக்கும் என்பது என் எண்ணம்.

புகைதான் முதல் எதிரி. நீர்மூழ்கியின் மேல்தளம் கடல் மட்டத்தை ஒட்டி இருப்பதால் அதிலிருந்து தூரத்துக் கப்பலின் பாய்மரக் கம்பம்கூடத் தெரியாது. ஆனால் கரும்புகை தொடுவானத்துக்கு அப்பாலிருந்தே தெரியும். ஒரே மூச்சில் நிறையக் கரியை வாரி எறிந்தால், அதிலிருந்து கிளம்பும் வாயு எரியப் போதுமான காற்று கிடைக்காமல் புகைபோக்கி கக்க ஆரம்பிக்கும். ஆகவே ஆக்வாலா கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு அடுப்பின் கதவு மட்டும் திறக்க வேண்டும். மட்டமான கரி ஏறியிருந்தால் இதெல்லாம் செய்தும் புகை வரும், மேலிருந்து திட்டும் வரும். குப்பையைக்கூடப் பகலில் கடலில் கொட்டக் கூடாது. மிதக்கும் முட்டைக்கோஸ் இலை போதும், கான்வாய் (காவலோடு கூட்டமாகப் போகும் கப்பல்கள்) போன தடம் காட்ட.

கான்வாய் என்றதும் போர்க்கப்பல்களின் அணிவகுப்பை நினைத்துக்கொள்கிறோம். 45 கப்பல் கொண்ட அட்லாண்டிக் கான்வாய் என்றால் 9 வரிசை, வரிசைக்கு 5 கப்பல். வரிசைக்கும் வரிசைக்கும் ஏறக்குறைய 1000 கஜம். முன் கப்பலுக்கும் பின் கப்பலுக்கும் அதில் பாதிதான். அகலம் நாலு கடல் மைல், நீளம் ஒரு மைலுக்குச் சற்று மேல். இப்படிப் படுக்கை வசமாகப் போவதற்குக் காரணம் உண்டு. நீர்மூழ்கிக்கு வசதியான இலக்கு பக்கவாட்டு முகம். அந்த முகத்தை எவ்வளவு குட்டையாக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. ராணுவத்துக்கு இது நல்ல வடிவம், மாலுமிக்கு நரகம். ரேடார் இல்லாத, விளக்கு அணைத்த, ஒன்றுக்கொன்று வயதும் வேகமும் ஒத்துப்போகாத சரக்குக் கப்பல்கள் இரவு முழுக்க 500 கஜ இடைவெளியில் போக வேண்டும். கப்பலை ஓட்டும் மேலறையான பிரிட்ஜிலிருந்து குழாய் வழியே ‘இரண்டு சுற்று கூட்டு’, ‘மூன்று சுற்று குறை’ என்று இன்ஜின் ரூமுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பனிமூட்டத்தில் ஒவ்வொரு கப்பலும் கயிற்றின் முனையில் ஒரு மிதவையை இழுத்துக்கொண்டு போகும். அது நீரை ஊற்றுபோல மேலே பீய்ச்சியடிக்கும். பின்னால் வருபவர் கப்பலைப் பார்க்க மாட்டார், அந்த ஊற்றைப் பார்த்து ஓட்டுவார். 1944 ஜூலையில் போன எச்.எக்ஸ். 300 என்ற கான்வாயில் 160க்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. இன்ஜின் பழுதாகிப் பின்தங்கிய கப்பலுக்காகக் கூட்டம் நிற்காது. தனியாகிவிட்ட கப்பலைத்தான் நீர்மூழ்கிகள் முதலில் தேடும்.

டார்பிடோ பட்டபின் என்ன ஆகும் என்பது சரக்கைப் பொறுத்தது. இரும்புத்தாது ஏற்றிய கப்பல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடத்தில் போய்விடும்; எடை அதிகம், சரக்கறையில் பாதிக்கு மேல் வெற்றிடம், தண்ணீர் தடையில்லாமல் பாயும். அதனால் தாதுக் கப்பல்காரர்கள் உடுத்திய துணியோடு மேல்தளத்தில் படுத்தார்கள். மரம் ஏற்றிய கப்பல் மிதந்துகொண்டே இருக்கும். டேங்கரில் தண்ணீரே எரியும். உயிர்காப்புப் படகை இறக்குவதிலும் ஒரு கண்ணி உண்டு. கப்பல் நிற்காமல் படகை இறக்கினால் தண்ணீரைத் தொட்ட கணத்தில் கவிழ்ந்துவிடும். இன்ஜினை நிறுத்த வேண்டியவர்களோ கீழே, உடைந்த நீராவிக் குழாய்களுக்கு நடுவே. கப்பல் சாய்ந்துவிட்டால் உயர்ந்த பக்கத்துப் படகுகள் பலகையில் உரசிச் சிக்கிக்கொள்ளும். ஆக, கணக்கில் எட்டுப் படகு இருந்தால் கைக்கு வருவது நாலு.

1942 நவம்பர் 23 அன்று ஒரே நாளில் இரண்டு கப்பல்கள். பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன எஸ்.எஸ். திலாவா இந்தியப் பெருங்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29 ஆல் அடிபட்டது. முதல் அடிக்குப் பிறகு கலவரத்தில் படகுகள் கவிழ்ந்தன. கப்பல் மூழ்கவில்லை என்று பார்த்துத் திரும்பி ஏறியவர்களும் இருந்தார்கள். அதற்குப் பின்தான் இரண்டாவது டார்பிடோ. 280 பேர் போனார்கள், 678 பேர் பிழைத்தார்கள். அதே நாளில் அட்லாண்டிக்கில் பென்லோமண்ட் மூழ்கியது. அதில் சிப்பந்தியாக இருந்த பூன் லிம் என்ற சீன மாலுமி எட்டடிச் சதுர மரத் தெப்பத்தில் 133 நாள் தனியாகக் கிடந்தார். டார்ச் விளக்கின் கம்பியை வளைத்துத் தூண்டில் முள். சணல் கயிற்றைப் பிரித்துத் தூண்டில் நரம்பு. உயிர்காப்பு உடையின் கான்வாஸ் துணியில் மழைநீர். பிரேசில் மீனவர்கள் கண்டெடுத்தபோது ஆளால் நடக்க முடிந்தது. அந்தத் தேதி 1943 ஏப்ரல் 5. தற்செயல்தான், ஆனால் நம் கடல்சார் தினத்துக்கு லாயல்டியைவிட இது பொருத்தம் என்று தோன்றுகிறது.

சம்பளக் கணக்கைப் பார்ப்போம். 1941 மே மாதம் வரை, பிரிட்டிஷ் மாலுமிக்கே கப்பல் மூழ்கிய நாளோடு சம்பளம் நின்றுவிடும். தெப்பத்தில் கிடந்த நாட்களுக்குக் கூலி கிடையாது. லஸ்கர்களுக்கு அந்தச் சம்பளமும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான். படுக்கும் இடத்துக்குச் சட்டம் ஒதுக்கியது வெள்ளை மாலுமிக்கு 120 கன அடி, லஸ்கருக்கு 36. ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்றடி உயரம் என்று வைத்துப் பாருங்கள், 36 வரும். 1939 இல் போர் தொடங்கியதும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து, பலர் பிரிட்டிஷ் சிறைக்குப் போய், அதன் பிறகுதான் கூலி கொஞ்சம் ஏறியது. வீரம் பேசும் கட்டுரைகளில் இந்த வேலைநிறுத்தம் வருவதில்லை. எனக்கு இரண்டும் ஒரே கதை.

இறந்தவர்களுக்கு நினைவிடம் உண்டு. லண்டன் டவர் ஹில்லில், இரண்டு உலகப் போர்களிலும் கடலில் போய்க் கல்லறை கிடைக்காத ஏறக்குறைய 36,000 வணிக மாலுமிகளின் பெயர் வெண்கலத்தில் இருக்கிறது. இரண்டாம் போரில் இறந்த இந்திய வணிக மாலுமிகள் ஏறக்குறைய ஆறாயிரம் பேரின் பெயர்கள் கல்லிலும் இல்லை, வெண்கலத்திலும் இல்லை; ஒரு பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு பிரதி சிட்டகாங் போர்க் கல்லறையில், இன்னொன்று மும்பையில் மாலுமிகள் விடுதியில். புத்தகத்தைத் திறந்து பார்த்தால்தான் பெயர்.

இனி இன்றைக்கு வருவோம். உலகில் கப்பலில் வேலை செய்பவர்கள் 19 லட்சத்துக்குப் பக்கம். அதிக ஆட்களைத் தரும் முதல் ஐந்து நாடுகளில் இந்தியா ஒன்று. நம் சரக்கு வணிகத்தில் எடைக் கணக்கில் 90 சதவீதத்துக்கு மேல் கடல் வழிதான். 2015 இல் ஏமனிலிருந்து நம் ஆட்களை மீட்கக் கவரத்தி, கோரல்ஸ் என்ற பயணிகள் கப்பல்கள் போயின. அவை போர்க்கப்பல்கள் அல்ல. லட்சத்தீவுக்கு ஆள் ஏற்றுபவை.

கடற்கொள்ளையர் உலவும் ஏடன் வளைகுடாவுக்குள் நுழைவதற்கு முன் ஒரு சரக்குக் கப்பலில் நடக்கும் வேலையைப் பார்த்தால், இவர்களின் ‘பாதுகாப்புப் பணி’ என்னவென்று புரியும். முதலில் முள்கம்பிச் சுருள். 730 அல்லது 980 மில்லிமீட்டர் விட்டமுள்ள சுருள்களை இரண்டடுக்காக, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே தள்ளி, கப்பலைச் சுற்றிக் கட்ட வேண்டும். தடித்த தோல் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டால் சதை கிழியும். கட்டு தளர்வாக இருந்தால் கொக்கி போட்டு ஒரே இழுப்பில் பிடுங்கிவிடுவார்கள். உயிர்காப்புப் படகு ஏறும் இடத்தை மறைத்துக் கட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அடுத்து தீயணைப்புக் குழாய்கள்: முனைகளைக் கம்பியில் இறுக்கி, நீரைக் குவித்த தாரையாகக் கீழ்நோக்கி வைப்பார்கள். ஏணியில் ஏறுபவனால் மூச்சு எடுக்க முடியாது. வெளி ஏணிகளைக் கழற்றி உள்ளே போடுவார்கள், கதவுகளை உள்ளிருந்து இறுக்குவார்கள். கீழே ஜெனரேட்டர் ஒன்றுக்கு இரண்டு, சுக்கான் மோட்டாரும் இரண்டு ஓடும். பிரிட்ஜ் பக்கத்தில் மணல் மூட்டை.

இவ்வளவும் எதற்கு? நேரம் வாங்க. சரக்கு நிரம்பிய மொத்தச் சரக்குக் கப்பல் 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) போகும். கொள்ளையர் விசைப்படகு 25 நாட். பின்னாலிருந்து வரும் படகை மூன்று கடல் மைலில் கண்டுபிடித்தால் கையில் இருப்பது 14 நிமிடம். ஒன்றரை மைலில் கண்டால் ஏழு. அதனால்தான் கண்காணிக்கும் ஆட்களைக் கூட்டுவது முள்கம்பியைவிட முக்கியம்.

கண்காணிப்பு தவறினால் வேறு விதமாகவும் முடியும். 2012 பிப்ரவரி 15 அன்று கேரளக் கரைக்கு அப்பால் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய டேங்கரில் இருந்த கடற்படை வீரர்கள் கொள்ளையர் என்று நினைத்துச் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வலை விரித்திருக்கும் மீனவர் கப்பலை நோக்கி வேகமாக வருவது பெரும்பாலும் வலையைக் காப்பாற்றத்தான். படகில் வலையும் மிதவையும் இருக்கிறதா, ஏணியும் கொக்கியும் இருக்கிறதா என்று தொலைநோக்கியில் பார்ப்பதற்கு அந்த 14 நிமிடம் போதும்.

கடைசி அரண் ‘சிட்டாடல்’ என்னும் இரும்பறை. பெரும்பாலும் சுக்கான் இயந்திர அறை அல்லது இன்ஜின் கட்டுப்பாட்டறை. மூன்று நிபந்தனை. எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். வெளியோடு பேச வழி வேண்டும். கொள்ளையரால் இன்ஜினை ஓட்ட முடியக் கூடாது. ஒருவர் வெளியே மாட்டிக்கொண்டாலும் கடற்படை உள்ளே இறங்கத் தயங்கும். குடிநீர், உலர் உணவு, கக்கூஸ் ஏற்பாடு, மருந்து, தனி ஆன்டெனா உள்ள செயற்கைக்கோள் போன். இரும்பறைக்குள் சிக்னல் கிடைக்காது என்பதைப் பயிற்சியின்போதே சோதிக்காமல் விட்டவர்கள் உண்டு. 2024 ஜனவரியில் சோமாலியாவுக்கு அப்பால் லீலா நார்ஃபோக் என்ற கப்பலில் கொள்ளையர் ஏறியபோது 21 பேரும், அதில் 15 பேர் இந்தியர்கள், ஒழுங்காக உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்கள். ஐ.என்.எஸ். சென்னை வந்தது, கமாண்டோக்கள் ஏறினார்கள், எல்லோரும் பத்திரம். செய்தியில் கமாண்டோக்கள் வந்தார்கள். கதவைச் சரியான நேரத்தில் சாத்திய மாலுமியைப் பற்றி யார் எழுதினார்கள்?

செங்கடலில் ஏவுகணையும் ஆளில்லாப் படகும் வந்ததும் கணக்கு மாறியது. முள்கம்பி இங்கே வெறும் துரு. நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் சிட்டாடல் ஆளில்லாப் படகு மோதும்போது பொறி ஆகிவிடும். எனவே இப்போது இரண்டு இடம் குறிக்கிறார்கள்: கொள்ளையர் வந்தால் கீழே ஒன்று, ஏவுகணை வந்தால் நீர்மட்டத்துக்கு மேலே, நடுக் கப்பலில் ஒன்று. எந்த அபாய மணிக்கு எந்த இடம் என்பதைப் பயிற்சியில் பிரித்துக் காட்டாவிட்டால் பாதிப் பேர் தவறான ஏணியில் இறங்குவார்கள். 2024 ஜூனில் டியூட்டர் என்ற கப்பலின் பின்பகுதியில் ஆளில்லாப் படகு மோதியபோது காணாமல் போனவர் இன்ஜின் ரூமில் இருந்தவர்.

அதே ஆண்டு ஜனவரி 26. ஏறக்குறைய 84,000 டன் நாப்தாவோடு (எளிதில் தீப்பற்றும் பெட்ரோலியத் திரவம்) போன மார்லின் லுவாண்டாவை ஏவுகணை தாக்கி ஒரு சரக்குத் தொட்டி பற்றியது. கப்பலில் 22 இந்தியர்கள், ஒரு வங்கதேசத்தவர். வலப்பக்க உயிர்காப்புப் படகு போய்விட்டது. டேங்கர்களின் மேல்தள நுரை அமைப்புக்குச் சட்டம் கேட்பது 20 நிமிடத்துக்கான நுரைக் கரைசல், அவ்வளவுதான். முழு வேகத்தில் விட்டால் அரைமணிக்குள் தொட்டி காலி. வால்வு வரிசை தப்பினால், நுரைப் பம்புக்கும் தண்ணீருக்கும் விகிதம் தப்பினால், வெறும் தண்ணீர்தான் போகும். நாப்தாவின் மேல் தண்ணீரை நேராக அடித்தால் படிந்த நுரைப் போர்வையும் கிழியும். எனவே தண்ணீரைப் பக்கத்துத் தொட்டிகளின் தளத்தைக் குளிர்விக்க வைத்து, நுரையை எரியும் வாய்க்கு மட்டும் சிக்கனமாக விட வேண்டும். அவர்கள் நுரை தீர்ந்தபின் கடல்நீரோடும் சேர்த்து நான்கரை மணி நேரம் நின்றார்கள். முதலில் உதவிக்கு வந்தது இன்னொரு டேங்கர். பிறகு போர்க்கப்பல்கள், ஐ.என்.எஸ். விசாகப்பட்டினத்தின் தீயணைப்புக் குழு. கப்பல் பிழைத்தது. கேப்டன் அவிலாஷ் ராவத்துக்கும் குழுவினருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024 ஆம் ஆண்டின் வீர விருதைக் கொடுத்தது.

விருது சரி, ஒப்பந்தத் தாளில் என்ன இருக்கிறது என்பதையும் வீட்டில் இருப்பவர்கள் பார்க்க வேண்டும். தொழிற்சங்கங்களும் கப்பல் முதலாளிகளும் சேர்ந்த ஐ.பி.எஃப். ஒப்பந்தத்தின் கீழ் உள்ள கப்பலுக்கு, போர்ப் பகுதி என்று அறிவித்த இடத்தில் சில உரிமைகள் உண்டு. போக மறுக்கலாம், மறுத்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்பலாம், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் உண்டு. போனால் அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இன்னொரு மடங்கு, குறைந்தது ஐந்து நாளுக்கு. இறப்பு, ஊன இழப்பீடு இரட்டிப்பு. ‘அடிப்படை’ என்ற சொல்தான் வம்பு: மொத்தச் சம்பளத்தில் அடிப்படையைச் சின்னதாகவும் படிகளைப் பெரிதாகவும் எழுதியிருந்தால் இரட்டிப்பும் சின்னதாகவே இருக்கும். இந்த ஒப்பந்தத்தில் இல்லாத கப்பல் என்றால் இவை தானாக வராது.

அதோடு, ஏஜென்டுக்குக் கப்பல் துறை இயக்குநரகம் கொடுத்த, ஆள் சேர்ப்பதற்கான ஆர்.பி.எஸ்.எல். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். வேலைக்கு என்று காசு கேட்டாலே அது சட்டவிரோதம். சம்பளம் இரண்டு மாதம் பாக்கி என்றால் அப்போதே எழுதிவைக்கத் தொடங்குங்கள்; நாலு மாதப் பாக்கிவரை கப்பலின் காப்பீட்டிலிருந்து பெற வழி உண்டு, அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். கடைசியாக, கப்பலில் சேரக் கையெழுத்துப் போடும்போது (சைன் ஆன்) நிரப்பும் நெருங்கிய உறவினர் பெயர். பலர் இருபது வயதில் அப்பா பெயரை எழுதிவிட்டு, கல்யாணம் ஆகி, அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அதையே வைத்திருக்கிறார்கள். அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் அந்தக் கட்டத்தைத் திருத்தி, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்தில் எழுதி, ஒரு நகல் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.